பாட்டுக்குள் இரண்டு வயது

பாப் சீகரின் ‘நைட் மூவ்ஸ்’ பாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? கேட்டதில்லை என்றாலும் பரவாயில்லை, டீ ஆறுவதற்குள் சொல்லிவிடலாம். அந்த ஒரு பாட்டு பிடிபட்டால், போன இளமையைப் பாடும் ராக் பாட்டுகள் ஏன் நம்மை இப்படி உலுக்குகின்றன என்பதும் ஓரளவு பிடிபடும்.

அமெரிக்க ராக் பாடகரான சீகர் 1945இல் பிறந்தவர். மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற கல்லூரி ஊரில் வளர்ந்தார். பத்து வருடத்துக்கு மேல் பாடியும் டெட்ராய்ட் வட்டாரத்தைத் தாண்டினால் அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. 1973இல் ஜார்ஜ் லூகாஸின் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படம் வந்தது. 1962இல் ஒரே இரவில் நடக்கும் கதை: பள்ளி முடித்த பையன்கள், கார், ரேடியோ. படம் பார்த்த சீகருக்கு, இப்படி ஒரு கதை என்னிடமும் இருக்கிறதே என்று தோன்றியது. எழுத உட்கார்ந்தார், அது மாதக்கணக்கில் இழுத்தது. 1976இல் டொரண்டோவில் பதிவு செய்தபோது அவருடைய குழுவில் பலர் ஊருக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். இருந்தவர்களோடு உள்ளூர்க் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு பாட்டை முடித்தார். அமெரிக்காவின் பில்போர்டு பாட்டுப் பட்டியலில் அது 4ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்கா முழுக்க அவர் பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

கதை எளிது. சோளக்காடு, காரின் பின் இருக்கை, ஒரு பையன், ஒரு பெண். அமரக் காதல் என்று யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் கோடையில் ஒருவருக்கு மற்றவர் தேவைப்பட்டார், அவ்வளவுதான். டிரம்ஸும் பேஸும் சேர்ந்துகொள்ள, பாட்டு நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

பாதிக்கு மேல் போனதும் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். ஒரு கிட்டார் மட்டும், அதுவும் மெதுவாக. இப்போது பாடுவது அந்தப் பையன் இல்லை. நடு இரவில் இடிச் சத்தத்தில் விழித்துக்கொண்ட ஒரு ஆள், பழைய பாட்டு ஒன்றை முனகியபடி உட்கார்ந்திருக்கிறான். வெளியே கோடை முடிந்து இலையுதிர்காலம் நெருங்குகிறது. பிறகு வாத்தியங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வர, அதே பல்லவி மறுபடி எழும். சொல் அதேதான். ஆனால் முதலில் அதைப் பாடியது ஒரு விடலைப் பையன். இப்போது பாடுவது முப்பதைத் தாண்டியவர். இரண்டு வயதையும் ஒரே பாட்டில் நிறுத்திவைத்ததுதான் சீகர் செய்த பெரிய காரியம் என்பேன்.

அந்த ஆள் முனகுவது 1962இன் பாட்டு என்று வரி சொல்கிறது. தன் மனதில் இருந்தது ரோனெட்ஸ் குழுவின் ‘பி மை பேபி’ என்று சீகரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். அது வெளிவந்தது 1963இல்! வருடம் பிசகியதால் பாட்டு எதையும் இழக்கவில்லை. இந்தப் பாட்டுகளில் வருடம் அவ்வளவு முக்கியமில்லை என்பதற்கு இன்னும் பெரிய சான்று பாடகர் பிரையன் ஆடம்ஸின் ‘சம்மர் ஆஃப் சிக்ஸ்டி நைன்’. ஆடம்ஸ் பிறந்தது 1959 நவம்பரில். 1969 கோடையில் அவருக்கு வயது ஒன்பது. கிட்டார் வாங்கி, குழு சேர்த்து, காதலித்து, பிரிந்து என்று பாட்டில் வரும் எதற்கும் பொருந்தாத வயது. கூட எழுதிய ஜிம் வாலன்ஸுக்குத்தான் அப்போது பதினேழு. ஆனாலும் கேட்கிறவர் யாரும் பிறந்த தேதியைக் கணக்குப் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம்.

ஏன் குறிப்பாக அந்த இளம் வயதையே இந்தப் பாட்டுகள் திரும்பிப் பார்க்கின்றன? நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்துச் சம்பவங்களே அதிகமாக வருகின்றன. வரைபடம் போட்டால் அந்த இடத்தில் ஒரு மேடு எழும்பும். முதல் சம்பளம், முதல் காதல், வீட்டை விட்டு முதலில் தங்கிய அறை என்று முதல்கள் எல்லாம் குவிந்து கிடக்கும் காலம் அது. நான் யார் என்பதும் அப்போதுதான் தீர்மானமாகிறது. இசைக்கும் இது பொருந்தும். ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 16 முதல் 86 வயது வரையிலான 108 பேருக்கு 28 பாட்டுத் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார்கள். தங்களுக்கு ஏறக்குறைய 24 வயதாக இருந்தபோது வந்த பாட்டுகளையே மக்கள் மிக விரும்பினார்கள் என்று 1989இல் எழுதினார்கள்.

இந்த வகைப் பாட்டுகள் 1984 வாக்கில் கொத்தாக வந்ததற்கும் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் பிறந்த பெருந்தலைமுறையின் மூத்தவர்கள் அப்போது முப்பதுகளில் இருந்தார்கள். ராக் பாடகர் ஸ்பிரிங்ஸ்டீனின் ‘குளோரி டேஸ்’ பள்ளிக் காலப் பெருமையையே பேசிக்கொண்டிருப்பவர்களைப் பரிவோடு பார்க்கிறது. அதைவிட என்னை அதிகம் தொடுவது டான் ஹென்லியின் ‘தி பாய்ஸ் ஆஃப் சம்மர்’. பாடகர் டாம் பெட்டியின் குழுவில் இருந்த கிட்டார்க் கலைஞர் மைக் கேம்பல், டிரம் மெஷினை ஓடவிட்டு வீட்டில் போட்டுவைத்த மெட்டு அது. பெட்டிக்கு ஒத்துவராததால் ஹென்லியிடம் போனது. மனிதக் கை படாத அந்தத் தாளத்தில் ஒரு குளிர்ச்சி இருக்கிறது. காடிலாக் காரின் பின்னால், ஹிப்பிகள் கொண்டாடிய கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஸ்டிக்கரைப் பார்க்கிறார் பாடுகிறவர். ஹிப்பிக் காலத்துக் கனவு பணக்காரக் காரில் ஒட்டப்பட்டிருப்பதை அந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது. திரும்பிப் போக ஆசைப்படும் பாட்டு, போக முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்கிறது.

1990களில் சென்னைக் கல்லூரி விழா மேடைகளில் ஆடம்ஸ் பாட்டைத் தொண்டை கிழியப் பாடியவர்களில் அநேகர் 1969இல் பிறந்திருக்கவே இல்லை. அதில் போலித்தனம் எதுவும் இல்லை. கார்னெல் பல்கலைக்கழகத்தின் கேரல் க்ரம்ஹான்ஸலும் சக ஆய்வாளரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் இருபது வயதுப் பிள்ளைகள், தங்கள் பெற்றோரின் இளமைக் காலப் பாட்டுகளோடும் நெருக்கமான பிணைப்பைக் காட்டினார்கள். பெற்றோர் திரும்பத் திரும்பப் போட்ட பாட்டு, பிள்ளையின் காதில் சின்ன வயதிலேயே தங்கிவிடுகிறது. உங்கள் மகள் இன்று தானாகவே உங்கள் பழைய பாட்டைப் போட்டால் ஏன் என்று கேட்காதீர்கள். அது ஏற்கெனவே அவளுடைய பாட்டும்தான்.