மெயில் சர்வருக்கு மூச்சு வாங்கினால்



கிள்ளானில் நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து, 2 ஜிபி ரேம் உள்ள சிறிய லினக்ஸ் சர்வரில் சொந்தமாக மின்னஞ்சல் நடத்தினோம். எஸ்.பி.எம். நெருங்கிய ஓர் இரவு பிரிக்பீல்ட்ஸிலிருந்து போன். "சார், நாளைக்கு காலையில பயிற்சி வகுப்பு. பாதிப் பிள்ளைங்களுக்குத் தாள் வரவே இல்ல!"

இந்த நேரத்தில் கை தானாக ரீஸ்டார்ட் பட்டனுக்குத்தான் போகும். அவசரப்படாதீங்க. வரிசையில் நிற்கும் கடிதங்கள் வட்டில் பத்திரமாக இருக்கின்றன. சர்வர் எழுந்ததும் அதே பாரம் மறுபடி ஏறும். காரணம் மட்டும் கண்ணில் படாமல் போய்விடும்.

முதலில் 'டாப்' கட்டளை. எந்த நிரல் எவ்வளவு சிபியு, எவ்வளவு நினைவகம் எடுக்கிறது என்று காட்டும். அடுத்து 'ஃப்ரீ'. மாணவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஃப்ரீ எண் குறைவாக இருந்தாலே ரேம் தீர்ந்தது என்று எழுதிவிடுகிறார்கள். லினக்ஸ் சும்மா கிடக்கும் நினைவகத்தில் கோப்புகளைத் தேக்கி வைக்கும், கேட்டால் திருப்பிக் கொடுக்கும். பார்க்க வேண்டியது 'அவைலபிள்' எண். மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் ரேமை நிறைய எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் கோளாறு அல்ல, அதன் அமைப்பே அப்படி.

எங்கள் சர்வரில் அவைலபிளே காலி. எடுத்துக்கொண்டது கிளாம்ஏவி என்ற வைரஸ் சோதனை நிரல். வைரஸ் அடையாளப் பட்டியல் முழுவதையும் அது ரேமில் வைத்திருக்கும். அதற்கே 1 ஜிபிக்கு மேல் வேண்டும். 2020இல் வந்த 0.103 பதிப்பு முதல், பழைய பட்டியல் ஓடும்போதே புதியதையும் ஏற்றுகிறது. அந்தச் சில நிமிடம் தேவை இரட்டிப்பு. 2 ஜிபி எப்படிப் போதும்? மிச்சம் வட்டுக்கு, அதாவது ஸ்வாப்புக்குப் போனது. எல்லாம் ஆமை வேகம்.

சிபியு ஏறிய கதை வேறு. ஒருவர் 9 எம்பி பிடிஎஃப் தாளை 400 பேருக்குத் தனித்தனிக் கடிதமாக அனுப்பியிருந்தார். இணைப்பு, மின்னஞ்சலில் பேஸ்64 வடிவில் போகும். 3 பைட் 4 எழுத்தாகும். 9 எம்பி 12 ஆனது. 400 தடவை என்றால் 4,800 எம்பி, ஒவ்வொன்றும் பிரித்துச் சோதிக்கப்பட வேண்டும். "ஒரு பிடிஎஃப்தானே சார்" என்றார், பாவம்.

'மெயில்கியூ' போட்டு வரிசையையும் பார்த்தோம். முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான முகவரிகள் இருந்தால் யாருடைய கடவுச்சொல்லோ திருடு போயிருக்கலாம். அப்படியானால் அந்தக் கணக்கை முடக்கிவிட்டுத்தான் மற்றது. நல்லவேளை, எல்லாம் நம் பிள்ளைகள் பெயர்தான்.

மீதமிருந்த கடிதங்களை நீக்கி, தாளை கூகுள் டிரைவில் ஏற்றி, இணைப்பு முகவரியை மட்டும் அனுப்பினோம். கிளாம்ஏவி இரண்டு பட்டியலையும் ஒன்றாக ஏற்றும் அமைப்பை அணைத்தோம். பட்டியல் மாறும்போது கடிதம் சற்றுக் காத்திருக்கும், பரவாயில்லை. மறுவாரம் ரேமையும் 4 ஜிபி ஆக்கினோம்.

காலையில் பிரிக்பீல்ட்ஸ் ஆசிரியை: "போட்டோஸ்டேட் கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வந்துடுச்சு சார்."