பழைய மாணவர் தொடர்பு

கல்லூரியை விட்டு நீங்கியபின் ஆண்டுக்கொருமுறை காண்பதற்கும் அரியவராகிவிட்ட தோழரால் நமக்கு ஆவது என்ன? அமெரிக்கச் சமூகவியலறிஞர் மார்க் கிரனோவெட்டர் 1973ஆம் ஆண்டில் இதற்கு விடை கூறினார். பொஸ்டன் நகரின் அருகே, தெரிந்தவர் வாயிலாக உத்தியோகம் பெற்றோரை அவர் வினவினார். தகவல் தந்தவரை அடிக்கடி சந்தித்து வந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேரே. ஏனையோருக்கு உதவியவர்கள் எப்போதாவது காணும் அறிமுகத்தார். பழைய கல்லூரித் தோழரும் அவர்களுள் இருந்தனர்.

காரணம் எளிது. நெருங்கிய நண்பர் அறிந்ததைப் பெரும்பாலும் நாமும் அறிந்திருப்போம். வேறு வட்டத்தில் வாழ்பவரே புதிய செய்தியைக் கொணர்வார்.

லிங்க்ட்இன் இணையத்தளத்தில் 2 கோடிப் பேரை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவும், மிக நெருங்கியவரிலும் ஓரளவே பழகியவர் கூடுதலாக உதவுவதைக் காட்டியது. ஆதலின், பழைய மாணவர் சங்கத்தின் அழைப்பையும், இணையவழி வரும் நலவிசாரிப்பையும் அலட்சியம் செய்யாதீர்கள். வேலை வேண்டிய நாளில் மட்டும் தட்டப்படும் கதவு எளிதில் திறவாது.