பழைய காற்றுத் துப்பாக்கியின் பெறுமதி

வன்னியில் துவக்கு என்றதும் நினைவுக்கு வருவது இடியன் துவக்குத்தான். பன்றியும் யானையும் வயலில் இறங்கும் ஊர்களில் காவற் பரணும் அதுவும் இணைபிரியாதவை. காற்றுத் துப்பாக்கியோ அதற்குப் பின்வந்த விருந்தாளி. பாட்டனார் காலத்துக் காற்றுத் துப்பாக்கி ஒன்று வீட்டு மூலையில் இருப்பதைக் கண்டு, அது என்ன விலை பெறும் என்று விசாரிப்பவர்கள் உண்டு. வாங்க வரும் ஒருவர் அதைப் பழைய இரும்பு என்பார்; இன்னொருவர் இலட்சக் கணக்கில் பேசுவார். இருவர் சொல்லையும் அப்படியே ஏற்பதற்கில்லை.

பழமை ஒன்றே விலையைத் தந்துவிடாது. 1780ஆம் ஆண்டளவில் ஒஸ்திரியப் படை கையாண்ட கிரார்டோனி என்னும் துப்பாக்கி, அழுத்திய காற்றைச் சோங்கிலேயே அடைத்து வைத்து, ஏறத்தாழ இருபது குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட வல்லது. அத்தகையவை உலகில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன; ஆதலால் அவற்றின் விலை வேறு கணக்கு. வீடுகளில் காணப்படுபவை பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டில் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளியவை. சுருள்வில் ஒன்று முசலத்தைத் தள்ள, முசலம் காற்றை நெருக்க, அந்தக் காற்று ஈயச் சன்னத்தைக் குழலினூடே வெளியேற்றும். வெடிமருந்துக்கு அங்கே வேலையில்லை.

இத்தகைய துப்பாக்கியைக் கையிலெடுத்தவர் முதலில் தேட வேண்டியது அதிற் பொறித்த முத்திரை. மூன்று துப்பாக்கிகளை ஒன்றோடொன்று சாய்த்து நிறுத்திய சின்னம் இருப்பின், அது 1861இல் தோன்றிய பேர்மிங்காம் நிறுவனமாகிய பி.எஸ்.ஏ.யின் படைப்பு. லிங்கன் ஜெப்ரிஸ் என்பவர் 1904இல் காப்புரிமை பெற்ற அமைப்பைக் கொண்டு, அடுத்த ஆண்டு முதல் அந்நிறுவனம் காற்றுத் துப்பாக்கிகளைச் செய்தது. வேட்டைத் தெய்வமாகிய டயானா, வில்லை வீசி எறிந்துவிட்டுத் துப்பாக்கியைத் தலைக்கு மேல் உயர்த்தி நிற்கும் சின்னம் ஜேர்மனியின் ரஸ்ராட் நகருக்கு உரியது. இங்கே ஒரு சிக்கல் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தொழிற்சாலையின் இயந்திரங்கள் பிரித்தானியாவுக்குப் போயின. ஸ்கொத்லாந்தின் மதர்வெல் நகரில் மில்புரோ நிறுவனம் டயானா என்ற அதே பெயரில் துப்பாக்கிகளைச் செய்தது. எனவே பெயரைப் படித்தவுடன் ஜேர்மனியப் பொருள் என்று முடிவு கட்டாமல், எந்த நாட்டிற் செய்தது என்ற சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும். போருக்குப் பிந்திய ஜேர்மனிய டயானா பலவற்றில் செய்த மாதமும் ஆண்டும் எண்களாகவே பொறிக்கப்பட்டிருக்கும்.

அடுத்தது அதன் நிலை. மேல்நாட்டு விலைக் கையேடுகள், தொழிற்சாலையில் ஏற்றிய நீலக் கருமை நூற்றுக்கு எத்தனை பங்கு எஞ்சியுள்ளது என்று கணித்தே விலை கூறுகின்றன. நம்மவர் தவறுவது இவ்விடத்திற்றான். விற்கப் போகிறோமே என்று இரும்பைப் பளபளவென்று தேய்த்து, சோங்கைச் சீவி, புதிதாக வார்னிஷ் பூசுகிறார்கள். இலக்க எண்ணும் முத்திரையும் மங்கிப் போகின்றன. பாதி விலையும் அவற்றோடு போய்விடுகிறது. மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பதே போதும். தேய்ந்த சுருள்வில்லையும் தோல் வளையத்தையும் மாற்றுவதிற் குற்றமில்லை, அவை தேய்வதற்கென்றே உள்ள உறுப்புகள். கழற்றிய பழைய உறுப்புகளை மட்டும் எறிந்துவிடலாகாது.

மூன்றாவது, பொருளின் வரலாறு. ஒட்டுசுட்டானுக்கு அண்மையில், கற்சிலைமடுவில் நாட்டிய நினைவுக்கல், பண்டாரவன்னியன் 1803 ஒக்டோபர் 31இல் தோற்கடிக்கப்பட்டதைக் கூறுவது. எழுத்தில்லாவிட்டால் அதை வேலிக்கல் என்று எவரும் கடந்து போயிருப்பர். துப்பாக்கிக்கும் அதுபோலவே பற்றுச்சீட்டு, அனுமதிப்பத்திரம், பழைய நிழற்படம் ஆகியன வேண்டும். 2008, 2009ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மக்கள் ஊரூராய் இடம்பெயர்ந்தபோது, கையில் எடுக்க முடிந்ததை மாத்திரம் எடுத்துச் சென்றார்கள். பெட்டகத்துக் கடதாசிகள் எத்தனையோ அழிந்தன. தாள் போன வீட்டில் முதியவரின் நினைவாவது எஞ்சியிருக்கும். யார் வாங்கியது, எந்தக் கடையில், எந்த ஆண்டளவில் என்பதை அவர் இருக்கும்போதே கேட்டு, நாளிட்டு எழுதி வைத்தால், பின்னர் மதிப்பிடுவோருக்கு அது பெரிதும் பயன்படும்.

இனி விலைக்கு வருவோம். பேர்மிங்காம் ஏலத்தில் ஒரு துப்பாக்கி பெற்ற தொகையை ரூபாயாக மாற்றிப் பார்த்து மகிழ்வது வீண். அந்த ஏலத்துக்கு வன்னியிலிருந்து ஒரு துப்பாக்கியைச் சாதாரணப் பொதியாக அனுப்பிவிட முடியாது. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. ஆதலால் சட்டப்படி வாங்கக்கூடியவர் உள்நாட்டில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தே விலை அமையும். அவர்கள் சிலராயின், எத்துணை அரிய பொருளும் சிறு தொகைக்கே போகும். பேரம் பேசுவதற்கு முன்னரே, கைமாற்றத்துக்கு வேண்டிய அனுமதி யாது என்று மாவட்டச் செயலகத்தில் கேட்டறிந்து கொள்வது நன்று. மறுமொழியை எழுத்திற் பெற்றால் இன்னும் நன்று.