கரைவாகுக் கடற்கரையில் ஒரு நகர்

மட்டக்களப்பிலிருந்து அறுகம்பைக்கு அலை தேடிப் போகிற பிரயாணிகளின் வாகனங்கள் கல்முனையில் நிற்பது அபூர்வம். நம்மவர்களும் இவ்விஷயத்தில் அவர்களுக்குக் குறைந்தவர்களல்லர். அலெக்சாந்திரியாவின் கடலோர வீதியையும், தூனிஸ் நகரத்துப் பழைய கடைத்தெருக்களையும், பெய்ரூத்தின் உறங்காத இரவுகளையும் படங்களிலே பார்த்து, ஆயுளில் ஒருமுறையேனும் மத்தியதரைக் கடற்கரைக்குப் போய்வர வேண்டுமென்று ஆசைப்படுகிறவர்கள், பள்ளிவாசலும் கோயிலும் தேவாலயமும் கூப்பிடு தூரத்தில் நிற்க, மீனும் நெல்லும் தயிரும் துணியும் ஒரே கடைவீதியில் விலைபேசப்பட, பின்னிரவிலும் தேநீர்க்கடை அடுப்பு அணையாதிருக்கும் கடல்நகர் ஒன்று இந்த ஈழநாட்டின் கீழைக்கரையிலேயே இருப்பதை நினைத்துப் பார்ப்பதில்லை. கல்முனையிலே பெருங்கோட்டையும் இல்லை, அரண்மனையும் இல்லை. இந்நகரின் சௌந்தரியம் இங்குள்ள மக்கள் வீடு கட்டுகிற விதத்திலும், உண்ணுகிற விதத்திலும், தொழுகிற விதத்திலும், இரவைக் கழிக்கிற விதத்திலும் கலந்து கிடக்கிறது. அதைக் காண்பதற்கு வாகனத்தை விட்டு இறங்கி நடக்கத்தான் வேண்டும்.

கரைவாகு என்பது இப்பகுதியின் பழம்பெயர். ஊரின் அமைப்பு மிக எளிது. கிழக்கே வங்கக் கடல். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்பட்டை. அந்தப் பட்டையின் மீது, கொழும்பிலிருந்து பொத்துவில் வழியாகச் சுற்றிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போகிற ஏ4 பெருந்தெரு ஓட, அதன் இருமருங்கிலும் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று தமிழரூரும் முஸ்லிமூரும் அடுத்தடுத்து வருகின்றன. போர்த்துக்கேயப் பறங்கியர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றிய 1626ஆம் ஆண்டில், கண்டியரசன் செனரத் அவர்களை வரவேற்றுத் திரளாக இந்தக் கீழைப் பிரதேசத்திலே குடியேற்றினான் என்பது சரித்திரம். அவர்கள் வருவதற்கு முன்னரும் இங்கே முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். கடல் தந்ததை உண்டும் வயல் தந்ததை விற்றும் வளர்ந்த இந்தச் சமூகம், அண்டை வீட்டுத் தமிழரோடு தாய்வழிக் குடிமுறையையும் பகிர்ந்துகொண்டது.

அந்தக் குடிமுறையை அறியாதவர் இவ்வூரின் கட்டடக் கலையை அறிய மாட்டார். இங்கே வீடு பெண்ணுக்குரியது. மணமானவுடன் மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து குடியேறுவான். பெற்றோர் தாம் குடியிருந்த வீட்டையே மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவிலோ அடுத்த வளவிலோ இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு இளையவர்களோடு அங்கே போய்விடுவார்கள். இரண்டாம் மகளின் கல்யாணம் வரும்போது அந்தக் கதை மறுபடியும் தொடங்கும். இவ்வாறு தலைமுறை தலைமுறையாகக் கூறிடப்பட்ட வளவுகளால்தான் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஒழுங்கைகள் இருவர் எதிரெதிரே ஒதுங்கி நடக்கும் அளவுக்கு ஒடுங்கிப் போயின. சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள் நெருங்கின. அந்த ஒழுங்கைகளிலே பிற்பகல் வேளையில் நடந்து பார்த்தால், ஒரு வீட்டு விறாந்தையில் உம்மா, எதிர் வீட்டில் ராத்தா, பின் வீட்டில் சாச்சி என்று ஒரே தாயின் வழிவந்த பெண்கள் மதிலுக்கு மேலால் கறிக்கோப்பைகளைக் கைமாற்றிக்கொள்வதைக் காணலாம். எந்த நூதனசாலையும் இதைக் காட்டாது. நம் நாட்டுப் பெண்கள் வேறு பல ஊர்களில் பெற்றிராத ஒரு பாதுகாப்பை இந்த மண்ணும் சுவரும் இவர்களுக்குக் கொடுத்திருக்கின்றன. அதே சமயம், ஒவ்வொரு மகளுக்கும் ஒரு வீடு கட்டுவதற்காகத் தகப்பன்மாரும் சகோதரர்களும் வளைகுடா நாடுகளிலே தம் வாலிபத்தைச் செலவிட்டுவிடுவதையும் மறைப்பதற்கில்லை.

ஒழுங்கைகள் எல்லாம் கடைசியில் கடலுக்கே கொண்டுபோய் விடுகின்றன. கல்முனைக்குடிக் கடற்கரையில், அலையைப் பார்த்து நிற்கிறது கடற்கரைப் பள்ளிவாசல். நாகூரில் அடக்கமாகியிருக்கும் மகான் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் இங்கே ஒரு சியாரம் இருக்கிறது. மகானின் உடல் இங்கில்லை, நினைவு மட்டுமே. பதினாறாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தப் பெரியாரைக் கடலோடிகளின் காவலராகக் கருதிய தமிழ் முஸ்லிம்கள் தாங்கள் கரையிறங்கிய துறைகள்தோறும் அவருக்கு நினைவிடம் எழுப்பினார்கள். பினாங்கில் ஒன்று உண்டு. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டப்பட்டது ஒன்று. கல்முனையிலுள்ளது அந்தச் சங்கிலியின் ஒரு கண்ணி. நாகூரின் பெரிய மினாரா 131 அடி உயரம்; தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங்கர் கட்டுவித்தது. அதன் முன்னே கல்முனைப் பள்ளியின் மினாரா சிறியதுதான். ஆயினும் ஜமாதுல் ஆகிர் மாதத் தலைப்பிறையில், ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்ட கொடிகள் அதன் உச்சிக்கு ஏறுகிற அந்தியில், மணல் தெரியாமல் கூடி நிற்கிற ஜனத்திரளின் நடுவே நிற்பவருக்கு மினாராவின் அளவு ஒரு பொருட்டாகத் தோன்றாது. பன்னிரண்டு நாள் விழா. பக்கீர்மார் றபான் முழக்கிப் பைத் ஓதுவார்கள். வளையற்கடைகளும் மிட்டாய்க்கடைகளும் கடற்கரையை நிறைக்கும். கந்தூரிச் சோறோடு கொடியிறங்கும். இத்தகைய வழிபாடு மார்க்கத்துக்கு ஏற்றதா என்று கேட்கிறவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். அவர்களுடைய நியாயத்தை அவர்களிடமே கேட்டறிவது முறை. ஓர் ஊரின் கடல் ஸ்மரணை இரு நூற்றாண்டுகளாக இந்தக் கொடிக்கம்பத்தோடு கட்டுண்டிருக்கிறது என்பது மட்டும் என் கண்ணில் பட்டது.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் இங்கிருந்து சிறிது தூரமே. புரட்டாதியில் பதினெட்டு நாள் பாரதக் கதை அங்கே நடந்தேறித் தீமிதிப்போடு முடியும். தெற்கே, சாய்ந்தமருதையும் மாளிகைக்காட்டையும் தாண்டினால், 1892இல் விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு. பழந்தமிழர் இசையை ஆராய்ந்து ‘யாழ் நூல்’ எழுதிய அந்தத் துறவி இந்தக் கடற்காற்றிலேதான் வளர்ந்தார். பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணனையும், மருதமுனையின் எழுத்தாளர் மருதூர்க் கொத்தனையும், கல்முனைக்குடியின் கவிஞர் எம். ஏ. நுஃமானையும் ஈன்ற கரையும் இதுவே. நுஃமான் பலஸ்தீனக் கவிஞர்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தபோது, மத்தியதரைக் கடலோரத்துத் துயரம் நெய்தல் நிலத்து வாசகனின் துயரமாயிற்று; அந்த மொழிபெயர்ப்பைப் படித்தவர்கள் இதை ஒப்புவார்கள்.

மருதமுனைக்குப் போகிறவர் பெருந்தெருக் கடைகளோடு திரும்பிவிடலாகாது. உள்ளே, ஒழுங்கைகளின் நடுவிலிருந்து தறியின் ஓசை வரும். ஒரு வீட்டின் பின்புறக் கொட்டிலில் நான் பார்த்த தறியிலே கருநீலப் பாவு விரிந்திருந்தது. நடுத்தர வயதுப் பெண்ணொருவர், கால் மிதியை அழுத்துவதும் நாடாவை எறிவதும் பலகையை இழுத்து அடிப்பதும் ஒரே அசைவாக, கரையோரத்துக்கு வந்ததும் மட்டும் கையை நிறுத்தி, மஞ்சள் இழைகளை விரல்நுனியால் எண்ணி எடுத்துப் பூவேலை செய்துகொண்டிருந்தார். “இந்தக் கரைக்கே ரெண்டு நாள் போயிரும் மகன், கடையில வாங்குறவங்களுக்கு அது விளங்காது” என்றார், தலையை நிமிர்த்தாமலே. 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட நாளிலிருந்து இலங்கைக் கைத்தறி பட்ட பாடு யாவரும் அறிந்ததே. மருதமுனைச் சேலையும் சாறனும் இன்னும் உயிரோடிருப்பதற்கு இத்தகைய பெண்களின் பொறுமையே காரணம்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பக்கம் போதாது. விடியற்காலையில் கரைவலை இழுக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள். இருபுறமும் கயிற்றைப் பிடித்து ஆட்கள் பின்னோக்கி நடக்க, வலைத்தலைவனான தண்டயலின் குரலுக்கு வலை நெருங்கி வர, கடைசியில் மடி கரையேறி அவிழ்ந்ததும் நெத்தலியும் கீரியும் பாரையும் மணலில் வெள்ளியாய்த் துள்ளும். அங்கேயே விலைபேசப்பட்ட மீன் மதியத்துக்குள் தேங்காய்ப்பாலில் வெந்து ஆணமாகிவிடும். இங்குள்ள தயிர் எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத கட்டித் தயிர். அதன்மேல் பாணியை ஊற்றிச் சாப்பிடுவது வழக்கம். பெருநாளிலும் கல்யாணத்திலும் வட்டிலப்பம் இல்லாத வீடு கிடையாது. ஆனால் இவையெல்லாவற்றிலும் விசேஷமானது சஹன் சாப்பாடு: ஒரு பெரிய தட்டைச் சுற்றி அறுவர் பாயிலமர்ந்து, ஒரே சோற்றைத் தத்தம் பக்கத்திலிருந்து எடுத்துண்பது. முன்பின் அறியாத விருந்தாளியாகிய எனக்கு, அடுத்திருந்த காக்கா தம் பக்கத்து இறைச்சித் துண்டைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவைத்தார். அதன்பிறகு எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

இரவு வாழ்வு என்றவுடன் மதுவும் நடனமும் நினைவுக்கு வருகிறவர்களுக்கு இவ்வூர் ஏமாற்றமே தரும். நோன்பு மாதத்தில் வந்து பாருங்கள். பகலெல்லாம் ஓய்ந்து கிடந்த தெரு, மஃரிப் பாங்கோடு கஞ்சிக் கோப்பையில் விழித்தெழும். தறாவீஹ் தொழுகை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் பெண்களும் பிள்ளைகளும் துணிக்கடைகளை நோக்கிப் புறப்படுவார்கள். வாலிபர்கள் பிளேன்டீக் கோப்பையோடு அரசியலும் கிரிக்கெட்டும் பேசுவார்கள். கொத்துரொட்டிக் கல்லின்மேல் தகடுகள் தாளமிடும். கடைவீதி சற்று அடங்குகிற வேளையில், ஸஹருக்கு எழுப்புவதற்காகப் பக்கீர் பாவா றபான் தட்டிப் பாடிக்கொண்டு ஒழுங்கைகளுக்குள் வருவார். கைத்தொலைபேசிகள் மணியடிக்கிற இக்காலத்திலும் அவருக்கு வாசலில் காசு கொடுத்தனுப்புகிற வீடுகள் இருக்கின்றன.

இந்த நகரின் மீதுதான் 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலையாகக் கடல் ஏறியது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; இலங்கையிலே வேறெந்த மாவட்டமும் இத்தனை உயிர்களை இழக்கவில்லை. அதன்பின், கீழைக்கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாதென்று அரசாங்கம் முதலில் விதித்தபோது, கடலுக்கும் வயலுக்கும் நடுவே இடமில்லாமல் நெருங்கி வாழ்ந்த ஜனங்கள் எங்கே போவார்கள் என்ற வினாவுக்கு விடை எளிதாகக் கிடைக்கவில்லை. இப்பொழுது வேறொரு ஆபத்து: கல்முனைக்குத் தெற்கே 2013இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்துக்கு வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது; தென்னைகள் சாய்கின்றன, வாடிகள் பின்வாங்குகின்றன, கரைவலை இழுப்பதற்கு மணல் போதவில்லை. அலைதடுப்புக் கற்களைப் போடுவதோடு நில்லாமல், மணலின் ஓட்டத்தை ஆராய்ந்து நிலையான பரிகாரம் தேடுவது ஆட்சியாளரின் கடமை.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மட்டக்களப்பில் ரயிலைவிட்டு இறங்கினால் கல்முனை தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர். பஸ் தாராளமாக உண்டு. தலைப்பிறைக் கொடியேற்றத்தையோ, பாண்டிருப்புத் தீமிதிப்பையோ கணக்கிட்டு வாருங்கள். பள்ளியிலும் கோயிலிலும் அனுமதி கேட்டுப் படமெடுங்கள். திரும்பும்போது ஒரு சாறனோ சேலையோ வாங்க நினைத்தால், மருதமுனை ஒழுங்கைக்குள் போய், நெய்தவரிடமே, பேரம் பேசாமல் வாங்குங்கள்.