பனிக்கு வந்த பஞ்சம்

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைச் சிற்றூர்கள் பலவற்றிற்குக் குளிர்காலமே அறுவடைக் காலம். பனிச்சறுக்கு ஆட வருவோரை நம்பியே விடுதிக்காரரும் கடைக்காரரும் வாழ்கின்றனர். சரிவில் 30 சென்டிமீட்டர் பனி ஆண்டிற்கு 100 நாளேனும் தங்கினால்தான் தொழில் நடக்கும் என்பது அங்கே வழங்கும் கணக்கு. வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால், பனி தங்கும் எல்லை ஏறத்தாழ 150 மீட்டர் மேலே சென்றுவிடும். தாழ்ந்த ஊர்களின் கதி என்ன?

வானம் தராததைப் பொறியால் பெற முனைந்தனர். அழுத்திய காற்றின் துணையால் நீரை நுண்துளிகளாகப் பீச்சுகிறது அப்பொறி. துளிகள் தரையைத் தொடுமுன் உறைய வேண்டும். நம் வீட்டு மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கிறது. காற்று உலர்ந்திருந்தால் நீர் நன்கு குளிரும். புழுக்கமான நாளில் அவ்வளவு குளிராது. பனிப்பொறியின் துளிக்கும் இதே விதிதான். ஆதலால் பொறியை இயக்குவோர், வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி அளக்கும் ஈரக்குமிழ் வெப்பநிலையையே பார்க்கின்றனர். அது சுழிக்குக் கீழ் 2 டிகிரி அளவிற்கு இறங்காவிட்டால், சரிவு நனைவதே மிச்சம்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. குளிர் குறைந்ததால் வந்த குறையைத் தீர்க்கும் பொறிக்கும் குளிர் வேண்டும்! நீரும் வேண்டும், ஒரு ஹெக்டேர் சரிவை மூட ஏறத்தாழ 1,000 கன மீட்டர். ஐரோப்பாவின் 2,234 சறுக்குத் தலங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2023இல் வெளிவந்தது. தொழிற்புரட்சிக்கு முந்திய நிலையினும் உலக வெப்பம் 2 டிகிரி மிகுந்தால், அவற்றுள் 53 விழுக்காடு பனிப்பஞ்சத்தின் பேரிடருக்கு ஆளாகும் என்கிறது அது. சரிவுகளில் பாதியைச் செயற்கைப் பனியால் மூடினால் 27 விழுக்காடாகக் குறையுமாம். பொறியால் பயன் உண்டு; முழுக் காப்பு இல்லை.

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரில் குளிர்காலப் பனியைக் குவித்து, மரத்தூளால் மூடிக் கோடை முழுதும் காக்கின்றனர். நம் ஊரில் முன்னாளில் பனிக்கட்டியை உமியில் பொதிந்து வைத்ததும் இவ்வாறே. பிரனீஸ் மலையில் ஒரு தலத்திற்கு 2020 பிப்ரவரியில் ஹெலிகாப்டரில் 50 டன் பனி கொண்டு சென்றார்கள். எரிபொருளை எரித்துப் பனி சுமப்பதை யான் தகவமைதல் என்று சொல்ல மாட்டேன்.

பிரான்சின் ஜூரா மலையிலுள்ள மெத்தாபியெஃப் ஊரார் செய்ததே எனக்குத் துணிவாகப் படுகிறது. 2030க்கும் 2035க்கும் இடையில் தங்கள் சறுக்குத் தொழில் முடிந்துவிடும் எனத் தாமே கணித்தனர். புதிய கம்பிவட ஊர்திகளில் பெருமுதல் போடுவதை விடுத்து, உள்ளவற்றைப் பழுதுபார்த்து ஓட்டவும், மலை மிதிவண்டி போன்ற பிற தொழில்களை வளர்க்கவும் திட்டமிட்டனர். பனி ஈட்டித் தந்த பொருளை மிதிவண்டி ஈட்டித் தருவது எளிதன்று. ஆயினும் கடன்பட்டு வாங்கிய ஊர்தி, பனியில்லாச் சரிவில் துருப்பிடித்து நிற்கும் நிலை அவர்களுக்கு வாராது.