முப்பது நாள்

கணவன் மனைவியரிடையே மூண்ட பிணக்கைத் தீர்க்க முப்பது நாள் போதுமா, நேயர்களே?

கணவன் தலாக் கூற எண்ணி அறிவித்தல் கொடுத்தால், உறவினர், ஊர்ப் பெரியோர் துணையுடன் முப்பது நாளுக்குள் இருவரையும் இணக்க முயலுமாறு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாரைப் பணித்தது. அண்மையில் வாழும் பெரியோரே அம்முறைக்குத் தூண். எருக்கலம்பிட்டி மக்களோ 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களிற் சிதறினர். மூத்தோர் வீட்டு வாசலும் தொலைவாயிற்று.

மேலும், அறிவித்தல் எழுதும் வேளையிற் கசப்பு முற்றிவிடும். ஆகவே மணத்துக்கு முன்பே பழகுக என்கிறது, அமெரிக்காவின் டென்வர் பல்கலைக்கழகத்தில் உருவான பயிற்சி. ஒருவர் பேச, மற்றவர் மறுக்காது கேட்டு, கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிக் கூறுவார். பின்னர் முறை மாறும். அடிபடும் பெண்ணுக்கோ பேச்சன்று, பாதுகாப்பே முதல் தேவை.

நிக்காஹ்வுக்கு நாள் குறிக்கும் வீட்டார், மஹரோடு இதனையும் பேசுவது நன்று.