மித்லா குகையில் ஒரு மக்காச்சோளக் கதிர்

கடற்கரைக்குப் போனால் நம்மை முதலில் இழுப்பது எது? கரியடுப்பில் சுட்ட மக்காச்சோளக் கதிரின் மணம்தான்! எலுமிச்சம்பழத்தில் மிளகாய்ப் பொடியும் உப்பும் தொட்டுத் தடவித் தருவார்கள். கடித்துக்கொண்டே ஒரு கேள்வியை யோசித்துப் பாருங்கள். மாமரத்தின் உறவினர்கள் காட்டில் உண்டு. காட்டு நெல் உண்டு, காட்டு வாழை உண்டு. காட்டு மக்காச்சோளத்தை யாராவது பார்த்ததுண்டா?

இல்லை. உலகில் எந்தக் காட்டிலும் மக்காச்சோளம் தானாக முளைத்து வளர்வதில்லை. காரணம் எளிது. அதன் மணிகள் கதிரை விட்டு உதிர்வதில்லை. மேலே பல அடுக்குத் தோகை வேறு இறுகப் போர்த்தியிருக்கிறது. முழுக் கதிர் தரையில் விழுந்தால் நூற்றுக்கணக்கான மணிகள் ஒரே இடத்தில் முளைத்து, ஒன்றோடொன்று போட்டியிட்டு, எல்லாமே மடியும். தோகையை உரித்து, மணியைப் பிரித்து, இடம் விட்டு ஊன்ற மனிதக் கை வேண்டும். அப்படியானால் மனிதன் விதைப்பதற்கு முன் இந்தச் செடி எங்கே இருந்தது? எப்படி இருந்தது?

விடையைத் தேடி ஒரு நாள் சுற்றுலா போவோமா? தேசப்படத்தில் மெக்சிகோவை எடுத்துக்கொள்ளுங்கள். தலைநகருக்குத் தென்கிழக்கே, மலைகளுக்கு நடுவே வாஹாகா என்ற நகரம் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1550 மீட்டர் உயரம். அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் சென்றால் மித்லா என்ற சிற்றூர். அதைச் சுற்றியுள்ள மலைகளில்தான் நாம் தேடும் குகைகள் உள்ளன.

வழியில் ஒரு கிழவர்

காலை எட்டு மணிக்குப் புறப்பட்ட நம் வண்டி, பத்துக் கிலோமீட்டர் போனதுமே நிற்கிறது. சாந்தா மரியா டெல் தூலே என்ற ஊர். மாதா கோயில் முற்றத்தில் ஒரு மரம். ஊசியிலை மரக் குடும்பத்தைச் சேர்ந்த இதை அங்குள்ளோர் 'அவேவெத்தே' என்கிறார்கள். அடிமரத்தின் சுற்றளவு சுமார் 42 மீட்டர்! முப்பது பேர் கைகோத்து நின்றால்தான் கட்டிப்பிடிக்கலாம்.

'இது ஒரே மரமா, பல மரங்கள் ஒட்டிக்கொண்டதா?' என்று நெடுங்காலம் வாதம் நடந்தது. மரத்தின் பல பகுதிகளிலிருந்து மரபுப் பொருளான டி.என்.ஏ.யை எடுத்து ஒப்பிட்டார்கள். எல்லாம் ஒன்றாகவே இருந்தன. ஒரே மரம்தான்! கண்ணால் தீர்க்க முடியாத வழக்கை மரபணு தீர்த்து வைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மக்காச்சோள வழக்கிலும் இதே சாட்சி வரப்போகிறது.

வெள்ளைப் பாறையின் நிழலில்

வெயில் ஏறுவதற்குள் குகைக்குப் போய்விட வேண்டும். மலையடிவாரச் சிற்றூரான உனியோன் சபாத்தாவில் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் நம்மோடு சேர்ந்துகொள்கிறார். தலையில் தொப்பி, தோளில் தண்ணீர்ப் புட்டி. இருபுறமும் முள் புதர்கள், ஆனைக் கற்றாழை, சப்பாத்திக்கள்ளி. நம் ஊர்ப் பொட்டல் காட்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். வியப்பில்லை, நம் பொட்டல்களில் மண்டிக் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியின் தாயகமே அமெரிக்கக் கண்டம்தான்.

ஏற்றம் முடியும் இடத்தில் செங்குத்தான பாறை நிற்கிறது. எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறை. அதன் அடியில் ஒரு குடைவு. பெயர் கிலா நாக்கிட்ஸ். உள்ளூர் சாப்போடெக் மொழியில் 'வெள்ளைப் பாறை' என்று பொருள். 'இவ்வளவுதானா?' என்று கேட்டுவிடாதீர்கள். உள்ளே பளிங்குத் தூண்களும் இல்லை, பாதாள ஆறும் இல்லை. ஒரு சிறு குடும்பம் மழைக்கு ஒதுங்கும் அளவுக்குத்தான் இடம். ஆனால் மித்லா, யாகூல் பகுதியின் குகைகளை 2010ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. காரணம் இந்தத் தரையில் கிடைத்த குப்பை!

1966ஆம் ஆண்டில் கென்ட் ஃபிளானரி என்ற அமெரிக்கத் தொல்லியல் அறிஞரின் குழு இங்கே தோண்டியது. சிறு கூட்டமாக மக்கள் பருவத்துக்குப் பருவம் வந்து தங்கிப் போன தடயங்கள் அடுக்கடுக்காக வெளிப்பட்டன. கருவாலிக் கொட்டைகள், படுக்கைக்குப் பரப்பிய இலைகள், மென்று துப்பிய கற்றாழைச் சக்கை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய சக்கை இன்னும் மக்காமல் இருப்பது எப்படி? பொருளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கோ வறண்டது. மேலே கவிந்த பாறை மழையையும் தடுத்துவிட்டது. நம் வீட்டில் வற்றல் கெடாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

விதையின் வயதைக் கேட்டால்

குப்பையில் பூசணி விதைகள் இருந்தன. காட்டுப் பூசணியின் விதையைவிடப் பெரியவை. அதாவது, நல்ல காயைத் தேர்ந்தெடுத்து அதன் விதையை யாரோ திரும்பத் திரும்ப ஊன்றியிருக்கிறார்கள். அது எப்போது?

உயிருள்ள செடி காற்றிலிருந்து கார்பனை எடுக்கிறது. அதில் மிகச் சிறு பங்கு கார்பன்-14 என்ற கதிரியக்க வகை. செடி இறந்ததும் வரவு நின்றுவிடும். செலவு மட்டும் தொடரும். 5730 ஆண்டுகளில் கார்பன்-14 பாதியாகக் குறையும். மிச்சம் எவ்வளவு என்று அளந்தால் வயது தெரியும்.

முதலில் விதைகளுடன் கிடந்த அடுப்புக் கரியின் வயதைத்தான் அளந்தார்கள். 'எலி வளை தோண்டி, மேலிருந்த புது விதையைக் கீழே இழுத்துப் போட்டிருக்கலாமே' என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். நியாயமான சந்தேகம்தான்! ஆனால் பழைய முறையில் அளக்கப் பல கிராம் பொருளை எரிக்க வேண்டும், விதையே மிஞ்சாது. பின்னர் அணுக்களை முடுக்கிவிட்டு நேரடியாக எண்ணும் கருவி வந்தது. அதற்குச் சில மில்லிகிராம் போதும். புரூஸ் ஸ்மித் என்ற அறிஞர் விதைகளையே அளந்து 1997இல் முடிவை வெளியிட்டார். மிகப் பழைய விதையின் வயது ஏறத்தாழ 10,000 ஆண்டுகள்! அதில் நூற்றுக்கு முப்பது பங்கு கார்பன்-14தான் மிஞ்சியிருந்தது என்று நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

நாம் சாம்பாரில் போடும் பரங்கிக்காய் இந்தப் பூசணியின் நெருங்கிய உறவுதான். பரங்கியர் வழியே கடல் கடந்து வந்ததைப் பெயரே சொல்லிவிடுகிறது.

அதே குகையில் விரல் நீளம்கூட இல்லாத மக்காச்சோளக் கதிர்த் துண்டுகள் சில கிடைத்தன. டொலோரஸ் பிப்பெர்னோவும் ஃபிளானரியும் 2001இல் வெளியிட்ட அளவின்படி அவற்றின் வயது சுமார் 6250 ஆண்டுகள். இதுவரை கிடைத்த கதிர்களில் மிகப் பழையவற்றுள் இவை அடங்கும். மணி தானாக உதிராத கதிர்கள் இவை. ஆகவே அப்போதே இந்தச் செடி மனிதக் கையை நம்பி வாழத் தொடங்கிவிட்டது.

புல் தந்த பரிசு

அப்படியானால் அதற்கும் முன்னால்? வழிகாட்டி தரையில் ஒரு குச்சியால் படம் போட்டுக் காட்டுகிறார். மெக்சிகோவில் தியோசிந்தே என்ற காட்டுப் புல் உண்டு. புதர் போல் பல கிளை விடும். அதன் கதிரில் இரண்டே வரிசை. பத்துப் பன்னிரண்டு மணிகள். ஒவ்வொன்றும் கல் போன்ற ஓட்டுக்குள். முற்றினால் தனித்தனியே உதிர்ந்துவிடும். 'இதுவா மக்காச்சோளத்தின் மூதாதை?' என்று பல அறிஞர்கள் சிரித்தார்கள்.

ஜார்ஜ் பீடில் என்பவர் சிரிக்கவில்லை. 1939இலேயே 'இதுதான்' என்றார். தியோசிந்தே மணியைச் சூடாக்கினால் பொரி போல் வெடிக்கிறது என்றும் காட்டினார். பின்னர் வேறு ஆராய்ச்சிக்காக 1958இல் நோபல் பரிசு பெற்றார். ஓய்வு பெற்ற பிறகு பழைய கேள்விக்கே திரும்பினார். மக்காச்சோளத்தையும் தியோசிந்தேயையும் ஒட்டுச் சேர்த்து, இரண்டாம் தலைமுறையில் 50,000 செடிகளை வளர்த்தார். சுமார் 500க்கு ஒன்று அசல் மக்காச்சோளம் போல இருந்தது. 500க்கு ஒன்று அசல் தியோசிந்தே போல!

மெண்டலின் விதி படித்தவர்களுக்கு இது இனிக்கும். ஒரு மரபணுவில் வேறுபாடு என்றால் 4க்கு ஒன்று பெற்றோரை ஒத்திருக்கும். நான்கு மரபணுக்கள் என்றால் 256க்கு ஒன்று. ஐந்து என்றால் 1024க்கு ஒன்று. 500 இவ்விரண்டுக்கும் நடுவில் வருகிறது. ஆகவே பெரிய வேறுபாடுகளைச் செய்பவை நான்கைந்து மரபணுப் பகுதிகளே! பின்னர் வந்த டி.என்.ஏ. ஆராய்ச்சிகள் பீடிலின் கருத்தை உறுதி செய்தன. வாஹாகாவுக்கு மேற்கே பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கின் தியோசிந்தேதான் மூதாதை. மாற்றம் தொடங்கிச் சுமார் 9000 ஆண்டுகள் ஆகின்றன.

ஆகவே கிலா நாக்கிட்ஸ் மக்காச்சோளத்தின் பிறந்த வீடு அல்ல. அது வளர்ந்த வீடுகளில் ஒன்று.

மித்லாவில் மதியம்

பசிக்கிறதா? மித்லாவில் இறங்குவோம். ஊர் நடுவே சாப்போடெக் மக்களின் பழைய மாளிகைகள். சுவர்களில் கோலம் போன்ற படி வடிவங்கள். ஒவ்வொன்றும் செதுக்கிய சிறு கற்களைச் சாந்து பூசாமல் இழைத்துப் பொருத்தியது. ஸ்பானியர்கள் வந்தபின் பழைய மேடை மீதே மாதா கோயிலைக் கட்டினார்கள்.

சாப்பாட்டுக்குச் சுடச்சுட 'தோர்த்தீயா' ரொட்டி. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேக வைத்து, ஊறவிட்டு, அரைத்துச் செய்வது. ஏன் சுண்ணாம்பு? தோல் கழலும், மாவு ஒட்டும். அதைவிட முக்கியமாக, மணிக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற வைட்டமின் விடுபடும். ஐரோப்பியர் மக்காச்சோளத்தை எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள்! அதையே நம்பி வாழ்ந்த ஏழைகள் 'பெல்லாக்ரா' என்ற நோயால் தோல் வெடித்து, மனம் பேதலித்து மாண்டார்கள். விதையோடு அறிவையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

விதை யார் கையில்?

மாலையில் திரும்பும்போது வயல்களைப் பாருங்கள். மக்காச்சோளத் தண்டில் அவரை ஏறுகிறது. கீழே பூசணி படர்கிறது. அவரையின் வேர் மண்ணுக்கு நைட்ரஜன் சேர்க்கிறது. பூசணி இலை ஈரத்தைக் காக்கிறது. 'மில்ப்பா' என்ற இந்த முறையில் உழவர்கள் தங்கள் விதையைத் தாங்களே எடுத்து வைக்கிறார்கள். மெக்சிகோவில் இப்படிச் சுமார் 60 நாட்டு இனங்கள் வாழ்கின்றன. வெள்ளை, மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. வறட்சி தாங்குபவை, குளிர் தாங்குபவை.

இத்தனை எதற்கு, நன்றாக விளையும் ஒன்றே போதாதா? 1970ஆம் ஆண்டு அமெரிக்காவைக் கேளுங்கள். அங்கு பயிரிட்ட மக்காச்சோளத்தில் பெரும்பகுதி ஒரே வகைத் தாய்வழியில் வந்த ஒட்டு ரகம். இலைக்கருகல் பூஞ்சை ஒன்று அந்த வகையின் பலவீனத்தைக் கண்டுகொண்டது. நாட்டின் மொத்த விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு அழிந்தது! பூட்டுகள் எல்லாம் ஒன்றானால் திருடனுக்கு ஒரு சாவி போதுமல்லவா?

மெக்சிகோ நகருக்கு அருகே உள்ள சர்வதேச மையம் ஒன்று சுமார் 28,000 மக்காச்சோள விதை மாதிரிகளைக் குளிரறையில் காக்கிறது. மிக நல்ல வேலை. ஆனால் குளிரறையில் விதை உறங்குகிறது. புதிய பூச்சியையும் மாறும் மழையையும் அது சந்திப்பதில்லை. ஆண்டுதோறும் வயலில் விதைக்கப்படும் விதையே சூழலோடு சேர்ந்து மாறுகிறது. ஆகவே இரண்டும் வேண்டும். குகைக்குள் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. இளைஞர்கள் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போனால், அது நின்றுபோகவும் கூடும்.

அடுத்த முறை கதிர் வாங்கும்போது, கடிப்பதற்கு முன் சுற்றிலும் மணி வரிசைகளை எண்ணிப் பாருங்கள். 12, 14, 16 என்று இரட்டைப்படையாகவே வரும். மணிகளைத் தரும் சிறு பூங்கொத்துகள் ஜோடி ஜோடியாக அமைவதே காரணம். உங்கள் ஊரில் எத்தனை வகை விதை இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களையும் கேளுங்கள். நெல்லா, கம்பா, அவரையா? பெயர்களை ஒரு நோட்டில் எழுதி, அவற்றில் எவை இன்னும் விதைக்கப்படுகின்றன என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.